ஒற்று மிகும் இடம்

நாயகம் எழுதிய நாவல்
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மின்வாரியத்தில் கழித்துப்போட்ட கணக்குத் தாள்களின்
மறுபுறத்தில் அச்செடுத்திருந்தான்.
ஒவ்வொரு பக்கத்தின் முதுகிலும்
தச்சநல்லூரில் யாரோ எரித்த யூனிட்.

பத்தாம் வகுப்பு உரைநூல்களுக்குப்
பிழை பார்க்கிறவன் நான்.
"சும்மா ஒரு பார்வை பாருல" என்றான்.
சும்மா பார்க்கத் தெரிந்தால்
இந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன்.

ஆறு வருடம், ஞாயிறுதோறும்,
மேலப்பாளையத்தில் மசூதின் செல்போன் கடை மாடியில்
நாங்கள் நால்வரும் ஆடிய உலகம்தான்.
நகைக்கடைக் காலண்டரின் பின்புறம் வரைந்தது.
கடலுக்குள் தேதிகள் தெரியும்.
பெயரையெல்லாம் மாற்றித்தான் வைத்தோம்.
என்றாலும் ஆறுகள் அத்தனையும்
மேற்கே பிறந்து கிழக்கே விழுந்தன.
வேறு மாதிரி ஓடுகிற ஆற்றை
எங்கள் கை வரையவில்லை.

முதல் அத்தியாயம்: ஒரு சத்திரம்.
மூலையில் முக்காடிட்ட அந்நியன்.
ஓரத்தில் எழுதினேன்: மறுபடியுமா?
வாளின் நீளம், எடை, விலை.
எந்தப் பூதத்துக்கு எத்தனை வெட்டு.
நாற்பதாம் பக்கத்தில்
பகடை உருளுவது காதில் விழுகிறது.
இரவில் குடல் சரிந்தவர்கள்
காலையில் எழுந்து கஞ்சி குடிக்கிறார்கள்.
ஆட்டத்தில் அது விதி.
நாவலில் அது பொய் என்று சிவப்பில் எழுதினேன்.
மசூது பைக்கிலிருந்து விழுந்து
ஹைகிரவுண்டில் பதினேழு நாள் கிடந்தது
நாயகத்துக்குத் தெரியாதா?

என் திருடன், சில்லான் என்று பெயர்,
பாலத்தில் செத்தான்.
இருபது முகத்தில் எனக்கு ஒன்று விழுந்தது,
அவ்வளவுதான்.
பாசியில் வழுக்கினான்.
"செத்துட்டாம்ல" என்றான் மசூது.
சால்னா காய்ந்த கையோடு
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
கீழே ஒரு ஆட்டோ நின்று கிளம்பியது.

நாவலில் அவன்
ஒன்றரைப் பக்கம் பேசிவிட்டுச் சாகிறான்.
நட்பு, தியாகம், விடியல்.
அந்தப் பாசியை எங்கே வைத்தாய், நாயகம்?
பகடைக்கு இலக்கியம் தெரியாது.
ஆனால் அது ஒரு நாளும்
என்னைத் திருப்திப்படுத்த நினைத்ததில்லை.

முந்நூறாம் பக்கத்துக்கு மேல்
கோட்டை வாசலில் ஒருத்தி வருகிறாள்.
கையில் விளக்கு.
பேச்சில்லை. போரிலும் இல்லை.
எல்லோரும் அவளைக் கடந்து உள்ளே போகிறார்கள்,
வெளியே வருகிறார்கள்.
சாரல் அடிக்கிறது, நம்ம ஊர் ஆனி மாதச் சாரல்.
அந்தப் பத்தியில் மட்டும்
உவமை ஒன்றும் போடாமல் எழுதியிருக்கிறான்.
அவள் நிற்கிறாள். நாற்பது பக்கம்.
'கதைக்குத் தேவையில்லை' என்று
பத்தி பத்தியாக அடித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது தாளில்தான் உறைத்தது.
எஸ்தர் கிருபா
மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனதற்கு முந்தின ஞாயிறு
அவளுடைய மந்திரக்காரி
அந்தக் கதவருகேதான் நின்றாள்.
"அப்படியே நிக்கட்டும், லீவுக்கு வாறேன்" என்று
பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.
அதன்பிறகு நாங்கள்
அந்தக் கோட்டைப் பக்கமே ஆட்டத்தைக் கொண்டுபோகவில்லை.
அவளைக் கொல்லவில்லை. நகர்த்தவும் இல்லை.

எழுதுகிறவனுக்கும் முடியவில்லை போல.
எங்கே அனுப்புவதென்று தெரியாமல்
நிற்கவே வைத்திருக்கிறான்.
கட்டுமானக் குறை, சந்தேகமே இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டில்
நான் இரண்டாம் முறை வாசித்தது
அதை மட்டும்தான்.

அச்சகத்தில் ஒரு வழக்கம்.
அடித்த வரியின் கீழே
புள்ளி புள்ளியாக வைத்தால்
'இருக்கட்டும்' என்று பொருள்.
மூன்று தாளுக்கும் வைத்தேன்.

அடுத்த பக்கத்தில்
'கோட்டை கதவு' என்று எழுதியிருந்தான்.
நடுவில் ஒரு க் போட்டேன்.